ஒன்பதாம் குழாய்

நவம்பரில் நொஷாத்தெல் ஏரி இருக்காது.
இருந்த இடத்தில் ஒரு வெள்ளை,
அதற்குள்ளிருந்து எப்போதாவது
படகின் மணி.

மூன்றாம் மாடியில் என் வேலை
இரண்டு தங்கச் சீப்புகளைப் பார்த்துக்கொள்வது.
பல்லிடுக்கில் பல்லாய்க் கோத்தவை,
ஒன்றையொன்று தொடாதவை.
தொட்டால் சில்லு செத்தது.
நடுவில் மயிரிழையில் நூறில் ஒரு பங்கு சந்து,
அந்தச் சந்தில்தான் எல்லாம்.
சிறுநீரகம் சோர்ந்தால் எச்சிலில் கூடும் புரதம்
அங்கே வந்து ஒட்டினால்
சந்து தேக்கிவைக்கும் மின்னூட்டம்
ஒரு துளி குறையும்.
திரையில் கோடு
எறும்பு தடுக்கிய மாதிரி
கொஞ்சம் இறங்கி நடக்கும்.

எச்சில் தந்தவர்கள் பதினொரு பேர்.
எல்லாரும் இந்தக் கட்டடத்துக்காரர்கள்,
நலமாயிருக்கிறோம் என்று கையெழுத்திட்டவர்கள்.
பெயர் கிடையாது, எண் மட்டும்.
பல் துலக்காமல் வந்து
வெட்கத்தோடு குழாயில் துப்பிவிட்டுக்
காபிக்கு ஓடினார்கள்.

ஒன்பது இறங்கியது.

ஈரப்பதம் என்றேன். சில்லை மாற்றினேன்.
விரல் கிட்டே போனாலே எண் பதறும் கருவி இது;
கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன்,
வகுப்புக்கு வெளியே நிறுத்தப்பட்டவள் போல.
உப்புநீர் ஓட்டினேன்: கோடு நேர்.
எட்டு நேர். பத்து நேர்.
ஒன்பது இறங்கியது.

அப்போதுதான் உறைத்தது,
பதினொருவரில் ஒருத்தி நான்.
மேலங்கிப் பையில் பஸ் சீட்டோடு
சுருண்டு கிடந்தது என் எண் எழுதிய துண்டு.
கழிப்பறையைத் தாழிட்டுப் பிரித்தேன்.
நான்கு.

எவ்வளவு சீக்கிரம் மூச்சு வந்தது எனக்கு!
முகம் கழுவினேன்.
கண்ணாடியைப் பார்க்கவில்லை.

'இது சோதனைக் கருவி,
நோய் சொல்லும் தகுதி இதற்கு இன்னும் இல்லை,
படிவம் இருக்கிறது, குழு இருக்கிறது,
இரண்டு வாரம்' என்றார் ஃபாபியென்.
சொன்னதெல்லாம் சரி.
படிவத்தில் 'அவசரமா' என்று ஒரு கேள்வி,
ஆம், இல்லை என்று இரண்டு கட்டம்.
பேனா இரண்டுக்கும் நடுவில் நின்றது.

மதியம் உணவுக்கூடத்தில்
யார் தண்ணீர் அதிகம் குடிக்கிறார்கள்,
யாருக்குக் கணுக்கால் வீங்கியிருக்கிறது என்று
திருடியைப் போல் பார்த்தேன்.
கணக்குப் பிரிவு கோராலி எதற்கோ சிரித்தாள்.
லேசர் அறை ஒலிவியே சூப்பில் ரொட்டியை முக்கினார்.
வரவேற்பு மேசை ஓடில் எதிரில் வந்து உட்கார்ந்து
சன்னலைக் காட்டி,
'ஏரி இன்றைக்கும் லீவு' என்றாள்.
பிறகு உப்பு கேட்டாள்.

எடுத்து நீட்டக் கொஞ்சம் நேரமானது எனக்கு.
சீசாவின் அந்தப் பக்கம் அவள் விரல்,
இந்தப் பக்கம் என்னுடையது,
நடுவில் அத்தனை உப்பு.