ஓர் அங்குலம், நூறு தர்மினி

தொலைபேசிப் படத்தில் எங்கள் பக்கம் வெறும் பச்சை.
மல்லாவியிலிருந்து உள்ளே ஆறு கட்டை;
ஒரு குளம் இருக்கிறது, அதுவும் பெயர் பிழை.
வைகாசியில் அம்புலன்ஸ்காரன்
மூன்று தரம் மதகடிவரை வந்து திரும்பிப் போனான்.
ஜெனிற்றாவின் பிள்ளை
லாண்ட்மாஸ்டர்ப் பெட்டியில் பிறந்தது.
இரண்டுபேரும் சுகம்தான்.
எண்டாலும்.

ஞாயிறு விடிய வெளிக்கிட்டோம்
நாலு பேரும், தோளில் அந்தப் பிள்ளையும்,
ஒரு பிறிஸ்டல் மட்டையும்.
சங்கத்தில் அளவு நாடா கேட்டால்
திறப்புக்காரர் வவுனியாவிலாம்.
"அப்ப காலால அளப்பம்" என்றாள் தர்மினி.

என்ர எட்டு வெயில் ஏற ஏறக் குறுகும்.
கபிலேஸ் சில படலைகளுக்கு முன்னால்
நெஞ்சை நிமிர்த்தி நீட்டி வைப்பான்.
தர்மினியின் எட்டு மட்டும் மாறாது.
இடது, பிறந்த கால். வலது, ஜெய்ப்பூர்க் கால்.
"ரெண்டும் கதைச்சுப் பேசித்தான் நடக்கும்,
கோவிச்சால் விழுவன்."
மட்டையின் மூலையில் எழுதினோம்:
ஓர் அங்குலம், நூறு தர்மினி.

மதகிலிருந்து மாதா சுருவம் முந்நூற்றுப் பன்னிரண்டு.
அங்கால் கிரவல் ஒழுங்கைக்குப் பெயரில்லை.
வெள்ளைநாய் ஒழுங்கை என்றாள் ஜெனிற்றா.
நாய் எழும்பி வந்து குரைத்தது, எழுதிவிட்டோம்.
தண்ணித் தாங்கியடியில் தாங்கி இல்லை.
பாலையடிச் சந்தியில் பாலை இரண்டு;
எது சந்தி என்பதில்
அரை மணித்தியாலமும் ஒரு சோடாவும் போனது.

பிறகு ஒழுங்கை
முள்ளுக்கம்பியில் முட்டி நின்றது.
உள்ளே ஒரு கிணறு, ஏழு தென்னை,
மூன்று மொழியில் ஒரு பலகை.
நாங்கள் நின்றோம்.
தர்மினி எண்ணிக்கொண்டிருந்தாள்,
கால் அசையாமல், கண்ணால்,
நூற்றிப் பத்து, நூற்றி இருபது,
"கிணத்தடி நூற்றி முப்பத்தாறு. போடு."
கபிலேஸ் புள்ளிக்கோடாய் இழுத்தான்.
ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை.
பிள்ளை பசியில் கத்தியது, திரும்பினோம்.

இரவு, விளக்கடியில் மட்டையை விரித்து
ஜெனிற்றா விரலால் தேடினாள்,
மேலே, கீழே, திரும்பவும் மேலே.
"என்ர வீடு எங்கையடா?"

மதகிலிருந்து தொடங்கினோமே,
மதகுக்கு இந்தப் பக்கம் மட்டையே இல்லை.

கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தோம்.
பிறகு சவர்க்காரப் பெட்டியொன்றைப் பிரித்து
சோற்றுப் பருக்கை பூசி ஒட்டினோம்.
நாளைக்கு அந்தப் பக்கம்.
தர்மினி காலைக் கழற்றிச் சுவரில் சாத்தினாள்.
"அளவுகோல் கவனம்,
நாய் கொண்டு போயிடும்"
என்றான் கபிலேஸ்.