பாயிண்ட்

பதினேழாயிரத்து நானூறு என்றான் நவாஸ்,
ஐந்து ரோட்டுக் கடையின் ஏசிக்குள்.
பக்கத்து மாடல் பதினான்காயிரத்துச் சொச்சம்.
திரையில் இரண்டு பட்டைகள்,
நீலம் நெட்டை, சாம்பல் குட்டை.
"நம்பரே பேசுதுக்கா, நான் எதுக்குப் பேசணும்?"

நீலத்தை வாங்கினேன்.
முதலாளிக்கு நம்பர் சொன்னால் போதும்,
செக்கில் கையெழுத்து விழும்.

அயோத்தியாப்பட்டணம் தாண்டி எங்கள் சேகோ ஆலை.
என் முதுகுக்குப் பின்னால் சன்னல்,
அதற்கு வெளியே களத்தில் காயும் ஜவ்வரிசி,
அதற்கும் அப்பால் சேர்வராயன் மலை,
எங்களுக்குத் தராத குளிரோடு.

ஏப்ரல் பதினொன்று, பகல் இரண்டே கால்.
மாவு விசிறிக்குள் படலமாய் இறங்கியிருந்தது.
வோல்டேஜ் நொண்டியடித்தது.
ஒரு பக்கம் எடைமேடைக் கணக்கு,
ஒரு பக்கம் ஜிஎஸ்டி,
பழைய வயரின் நுனியில்
கர்கர் என்று ஊசி குத்தும் பிரிண்டர்.
நீலப் பட்டைக்கு மூச்சு வாங்கிற்று.
ஒரு ரசீதுக்கு நாற்பது வினாடி.
வாசலில் பதினோரு டிராக்டர்.

சாயங்காலம் நவாஸுக்குப் போன் போட்டேன்.
எல்லாத்தையும் மூடிட்டு
டெஸ்ட்டை மட்டும் ஓட்டிப் பாருங்கக்கா என்றான்.
ஓட்டினேன். களம் அடங்கி, காற்று ஆறி,
வேறெந்த வேலையும் இல்லாத இயந்திரம்
பதினேழாயிரத்து முந்நூற்றுத் தொண்ணூறு எடுத்தது.
குறைந்த பத்துக்கு மன்னிப்புக் கேட்டான்.
அவன் பொய் சொல்லவில்லை.
அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை.

மறுநாள் முதல் வண்டி சின்னப்பையனுடையது.
ரசீதைத் திருப்பி என் மேஜையில் வைத்தார்.
"இருபத்தாறு பாயிண்ட்டுங்கறீங்க.
எந்தக் கிழங்க முக்குனீங்க?"
மேலாக இருந்ததை.
"அது ஏரியோரத்துக் கிழங்கு.
மேட்டுக்காட்டுக் கிழங்கு அடியில கெடக்குது."

மூன்று டன்னில் ஐந்து கிலோ.
கம்பிக்கூடையில் தொங்கவிட்டு,
தொட்டியில் அமிழ்த்தி, முள்ளைப் பார்த்து,
தண்ணி பொய் சொல்லாதுங்க என்று
எத்தனை பேரைத் திருப்பி அனுப்பியிருப்பேன்
இந்த ஒன்பது வருஷத்தில்.

அடியிலிருந்து எடுக்கச் சொன்னேன். இருபத்தெட்டு.
நடுவிலிருந்து இன்னொரு கூடை. இருபத்தைந்து.
அவர் முகம் சுருங்கியது.
எனக்கும் எதை எழுதுவதென்று தெரியவில்லை.
பின்னால் யாரோ ஹாரன் அடித்தார்கள்.
பிரிண்டர் அவர் பெயரைச்
'சின்னப்பை' வரை குத்திவிட்டு
நின்றுகொண்டிருந்தது.