நூறு வரை எண்ணுவது

கத்திரி வெயில். இரவு ஒன்றேகாலுக்கும்
கோட்டைக் கல் சூடாற மறுக்கிற ஊர்.
இந்த அறையில் ஏசி மெஷினுக்காக;
அதன் புண்ணியத்தில் நானும் குளிர்கிறேன்.

கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டு எண்ணெய்.
லென்ஸ் அதில் மூக்கை முக்குகிறது.
நூறு வெள்ளையணுக்களை எண்ண வேண்டும்,
எது எத்தனை என்று.
முகத்தை வைத்து அடையாளம் சொல்ல முடியாது,
மடியில் என்ன முடிந்துவைத்திருக்கிறது
என்பதை வைத்துத்தான்.

நியூட்ரோஃபில்: இளஊதாப் பொடி, ஒரு சிட்டிகை.
ஈசினோஃபில்: கேசரிப் பவுடரில் புரண்ட ஜவ்வரிசி.
பூச்சி மருந்து குடிக்காத பிள்ளைகளிடமும்
தோல் ஷாப்பில் விடாமல் தும்முகிறவர்களிடமும்
கூட்டமாய் வரும்.
பேசோஃபில், நாவற்பழம் தின்ற வாய்.
நூற்றில் ஒன்று தட்டுப்பட்டால் அதிகம்;
பார்த்த அன்றைக்கு ஏனோ டீ ருசிக்கும்.

பொடி என்றா சொன்னேன்?
அமிலம் அது, அரிவாள் அது.
உறைக்குள் இருக்கும்வரை சமர்த்து.
கிருமியைக் கண்டதும் மடியை அவிழ்த்து
அதன் தலையில் கொட்டிவிட்டுத்
தானும் போய்விடும்.
ரத்தத்தில் ஒரு பகல் தாங்கினால் பெரிது.

மாடியில் ஆராய்ச்சி செய்கிற கதிரொளி
வேறொரு துகளைப் பற்றிச் சொன்னான், போன வாரம்.
சூடு ஏறினால் செல்லானது
புரதம் செய்யச்சொல்லி வந்த ஓலைகளையெல்லாம்
வாசிக்காமல் சுருட்டி
ஒரு துளியாய்த் திரட்டி வைத்துக்கொள்ளுமாம்.
அதற்கு உறை கிடையாது, கதவு கிடையாது.
வெக்கை இறங்கினதும் துளி கரைய
ஓலைகள் மறுபடி வாசிக்கப்படுமாம்.
இதைப் பார்க்க மைக்ரோஸ்கோப்பா, தம்பி?
மத்தியானம் ரெண்டு மணிக்கு லாங் பஜாருக்குப் போ.
எந்தக் கடையும் மூடியிருக்காது.
எவரும் எதையும் விற்கவும் மாட்டார்.

அடுத்த தகடு.
நிரோஷா, இருபத்தாறு, மாதனூர்.
ஆம்பூர் ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கிறவள்.
பல் தேய்த்தால் ரத்தம். தொடையில் கன்றல்;
தையல் மெஷின் விளிம்பு இடித்ததென்று
அவளே காரணம் சொல்லியிருக்கிறாள்.

ஒன்று. இரண்டு.
ஏழில் விரல் தயங்கியது.
துகள், துகள்மேல் துகள்,
கரு எங்கே என்று தேட வேண்டியிருந்தது.
வளர மறந்த செல்கள்,
மடி மட்டும் வழிகிறது.
பதினொன்றில் பார்த்தேன்:
துகள்கள் ஒட்டி ஊசிகளாகி
ஊசிகள் சேர்ந்து சுள்ளிக் கட்டாகி
ஜவ்வாது மலைச் சரிவில் தலைச்சுமையாய் இறங்குமே,
அந்தக் கட்டு. கயிறுதான் இல்லை.

மடியில் கனமிருந்தால் வழியில் பயம் என்பார்கள்.
இந்தக் கனம் வழியிலேயே ஒழுகுகிறது.
ஒழுகின இடமெல்லாம் ரத்தம் வீணாய் உறைந்து,
உறைய வேண்டிய இடத்தில்
உறைவதற்கு ஒன்றும் மிஞ்சாது.
ஈறோடு நின்றது இதுவரை.
மூளைக்குள் ஒரு கசிவு போதும்.

எண்ணுவதை விட்டு போனை எடுத்தேன்.
டாக்டர் குருவிளா பாதித் தூக்கத்தில்:
"எத்தனை சதவீதம்?"
"எண்ணலை மேடம். கட்டுக் கட்டா இருக்கு."
அந்தப் பக்கம்
செருப்பைத் துழாவும் சத்தம்.

இரண்டு மணிக்கு வார்டில் முதல் மாத்திரை.
செல்லைக் கொல்கிற மருந்தல்ல,
வைட்டமினுக்குத் தூரத்துச் சொந்தம்.
வளர்ந்துவிடு, என்று அதனிடம் சொல்லும்.
கேட்குமா என்பது
என் தகட்டில் தெரியாது, இன்றைக்கு.

ரிப்போர்ட்டில் பதினொன்று என்று அடித்தேன்.
கணினி சிவப்பாய்ச் சொன்னது:
கூட்டுத்தொகை நூறு இல்லை.

ஸ்டூலை இழுத்துப்போட்டு
மறுபடி குனிந்தேன்.
பன்னிரண்டு.