மூன்றாம் எழுத்து

கண்ணிமை மட்டும் மிச்சம்.
ஒரு முறை மூடினால் ஆமாம்.
சிஸ்டர் பியூலா அட்டையைப் பார்த்து
உயிர்மெய் வரிசைகளை வாசிக்க வாசிக்க
நேற்று ஒரு மணி நேரம் பேசினார்.

கேள்வி டாக்டர் ஜெசிந்தாவுடையது:
தொண்டையில் துளை போட்டு
மிஷினில் மூச்சு வைக்கட்டுமா?
வைத்தால் வருஷக்கணக்கில் இருக்கலாம்.
கை வராது. கால் வராது.
ராத்திரி பகல் ஒருவர் விழித்திருக்கணும்.
கரண்ட் போகக் கூடாது.

கே.வி.குப்பத்தில் இருபத்திரண்டு வருஷம்
கம்பம் ஏறின ஒயர்மேனிடம் கேட்கிறார்கள்.
எந்தக் காற்றுக்கு எந்த லைன் விழும் என்று
தூக்கத்திலும் சொல்வார், அப்போது.

வே, என்றார்.
ண், என்றார்.
அதோடு இமை சரிந்து தூங்கிவிட்டார்.

டு-வா, டா-வா?

"டு தான் அண்ணி. அண்ணன் பயந்தவனில்ல"
என்கிறான் ஏழுமலை.
பாலாற்றோர நிலத்துக்கு ஆள் பார்த்தாயிற்றாம்.
காட்பாடி அக்கா என்னை வராந்தாவுக்கு இழுத்து
"டா-ன்னு வெச்சுக்கோ. பாவம் உனக்கில்ல" என்கிறாள்.
டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து
"எழுந்திருக்கட்டும்" என்றார்.

நோயின் பேரைச் சொல்லாதீங்க என்று
மூன்று வருஷம் முன்னால்
இதே டாக்டரின் கையைப் பிடித்தவள் நான்.
"அவர் கேட்டால் சொல்லுவேன்" என்றார்.
அன்றைக்கே கேட்டுவிட்டார்.
பஸ் லத்தேரி தாண்டும் வரை
இருவரும் தெரியாததுபோல் வந்தோம்.

அவர் பாதி சொன்னால் மீதியை நான் சொல்லுவேன்.
பேங்க்கில், பந்தியில், சண்டையில்கூட.
ராத்திரி முழுக்க அந்த மீதி
என் வாயிலேயே கிடந்தது.
எனக்குத் தூக்கம் சொக்கியபோது டா என்று தோன்றியது.
முகமூடிக்குள் அவர் முனகியபோது டு.
இதை யாரிடமும் சொல்லவில்லை.

ஆற்காடு ரோட்டில் முதல் ஹாரன்.
பியூலா விட்ட இடத்தில் தொடங்கினாள்.
ட.
டா.
இமை அசையவில்லை. ஏழுமலை எழுந்தே விட்டான்.
டி.
டீ.
மூடினார்.

டீயா?
மறுபடி மூடினார்.

விழுங்க முடியாதவருக்கு டீ.
நுரையீரலுக்குள்ள போச்சுன்னா, என்று
ஆரம்பித்த பியூலா
அவர் கண்ணைப் பார்த்துவிட்டு
பஞ்சு எடுத்து வந்தாள்.
முகமூடியை நகர்த்தி உதட்டில் ஒற்றினேன்.
நாக்கு தேடி வந்தது.

அப்புறம் கண் அட்டைக்குப் போனது.
ச வரிசையில் மூடினார்.
சர்க்கரையா என்று கேட்க வந்த வாயை
நானும் மூடிக்கொண்டேன்.
மெதுவா வாசி பியூலா,
அடுத்த எழுத்து.