துரைசாணியின் செம்மஞ்சள்

சீமைக்குப் போகிற படத்தில்
மலை முழுக்கப் பச்சையாய் இருக்கவேண்டுமென்றார் துரை.
கடன் கொடுத்தவர்கள் பார்ப்பார்களாம்.

லெட்டீசியா துரைசாணி பதில் சொல்லவில்லை.
ஐவிப் பாப்பாவை என் இடுப்பிலிருந்து வாங்கிக்கொண்டு
என்னை மேல்மலைக்கு அனுப்பினாள்:
கோப்பி இலை ஒன்று, காம்போடு.

புசல்லாவையில் மூன்றாம் நாள் மழை.
இலையைத் திருப்பினேன்.
அடியில் செம்மஞ்சள் பொடி;
சேலையில் துடைத்தும் விரலை விடவில்லை.

அந்த நிறம் அவள் பெட்டியில் இல்லை.
எதையெதையோ குழைத்தாள்.
பிறகு, "அங்காயி, விரலைக் காட்டு" என்று
என் கையைப் பிடித்தாள்.
ஏழு வருஷத்தில் முதல்முறை.

ரூபர்ட் காய்ச்சலில் போன அன்றும்
முகத்தை வரைந்து முடித்துத்தான் அழுதாள்;
பெட்டி அடிக்க வந்த தச்சுபாஸ்
அளவுக்கோலோடு வாசலில் நின்றான்.

படம் கப்பலேறியது.
துரை கேட்ட பச்சை அப்படியே.
ஓரத்தில் ஒரேயொரு இலை மட்டும்
முதுகைக் காட்டிக்கொண்டு.

அதனால்தான் கெட்டோம் என்று துரை கத்தினார்.
இலை கொட்டியது யாரால்?
அதை ஒருத்தரும் கேட்கவில்லை.

பங்களா ஏலம் போனது.
எங்களுக்கு ஐந்து மாதச் சம்பளம் பாக்கி.
வண்டியேறும்போது துரைசாணி
காசில்லை என்று சைகை காட்டி
ஒரு தூரிகையைத் தந்தாள்.

மகனுக்குக் காதுவலி வந்தால்
அதில் தொட்டுத்தான் எண்ணெய் விடுகிறேன்.
கோழியிறகைவிட மெத்தென்று இருக்கிறது.