சுங்கத்தில் பிரித்துப் பார்க்கப்பட்டது

அஜ்மான் ஜுர்ஃபில் எங்கள் சலவை ஆலையின் அஞ்சல் பெட்டிக்கு
டிசம்பர் இருபத்தெட்டில் வந்தாள் பெர்ஷ்தா.
சாக்குத் துணி உடம்பு,
வால்நட் ஓட்டில் மூக்கு,
ஒரு பாதம் மட்டும் வாத்துப்பாதம்.
முதுகில் என் முகவரி. நெற்றியில் தபால்தலை.

அனுப்பியவள் ரோஸ்விதா.
போன வருடம் ஏதோ ஓட்டலின் தலையணை உறைக்குள்
பாதி வரைந்த அட்டையை மறந்துவிட்டுப் போனவள்.
எடுத்து அனுப்பினேன். அவ்வளவுதான் பழக்கம்.

எழுதியிருந்தாள்:
எங்கள் மலையில் இந்தப் பன்னிரண்டு இரவும்
இவள் வீடு வீடாக வருவாள்.
நூற்காமல் மிச்சம் வைத்தவர்களின் வயிற்றைக் கீறி
வைக்கோல் திணித்துத் தைத்துவிடுவாள்.
இவளுக்குள்ளும் வைத்திருக்கிறேன்,
எங்கள் கொட்டில் வைக்கோல். முகர்ந்து பார்.

முகர்ந்தேன். பசை வாடை.
தொண்டையிலிருந்து தொப்புள்வரை நேராக ஒரு வெட்டு,
அதன்மேல் பச்சை நாடா.
தாவரப் பொருளுக்கு அனுமதி இல்லையாம்.
ஊரெல்லாம் வயிறு கீறியவளை
மேசையில் மல்லாத்திக் கீறியிருக்கிறார்
யாரோ ஒருவர், கையுறை போட்டு,
பொறுமையாக.

கடைசியில் சிவப்பு மையில்:
இந்த நாட்களில் வெள்ளைத் துணி காயப்போடாதே.
காற்றில் வேட்டைக்குப் போகும் செத்தவர்கள்
கொடியில் சிக்கிக்கொள்வார்கள்.
சிக்கிய விரிப்பு வருடத்துக்குள்
யாருக்கோ கோடித் துணி ஆகிவிடும்.

ஷொஃபிகுலிடம் சொன்னேன்.
இன்றைக்கு எத்தனை விரிப்பு என்றான்.
நாலாயிரத்து இருநூறு.
புத்தாண்டு, ஓட்டல்கள் நிரம்பி வழிகின்றன.
நம்மிடம்தான் கொடியே கிடையாதே என்று
உலர்த்தியின் கதவை அறைந்து சாத்தினான்.
உள்ளே குளம்புகள் உருண்டன.
கொஞ்ச நேரம்
இருவரும் பேசவில்லை.

விடியற்காலை வடிகட்டியைத் திறந்தால்
ஒரு சாண் உயரத்துக்குப் பஞ்சு.
யார் யாரோ தூங்கி எழுந்ததன் பொடி,
சாம்பல் வெள்ளை, இன்னும் சூடு.
நான் பனியைத் தொட்டதில்லை.

நாடாவை உரித்து வயிறு கொள்ள அடைத்தேன்.
சலவைக்குறி போடும் சிவப்பு நூலால் தைத்தேன்,
தையல் கோணல்தான்.
உள்ளிருக்கும் பொருள் என்ற கட்டத்தில்
பனி என்று எழுதி, அடித்துவிட்டு,
பஞ்சு என்றேன்.
பருத்தியும் தாவரம்தானே என்று உறுத்தியது.
பாலியெஸ்டர் கலந்தது என்று சேர்த்துக்கொண்டேன்.

தபால் நிலையத் தராசில்
முப்பத்தெட்டு கிராம் இருந்தாள்.
பழைய வைக்கோலின் எடை
எனக்குத் தெரியாது.