டன்வேகன் இறக்கம்

எவ்வளவு எடை இழுக்கணும், கேட்டான் ரோமன் ஹ்ரிட்சுக்.
க்ளோவர் எவ்வளவு பூக்குமோ அவ்வளவு, என்றேன்.
அதை எழுத அவன் படிவத்தில் கட்டம் இல்லை.

மே மாதம். விற்பனை மைதானத்தின் மூலையில்
இன்னும் கரையாத அழுக்குப் பனி.
வரிசையில் மூன்று டீசல் பிக்கப்கள்
மூக்கை உயர்த்திக்கொண்டு,
சம்பந்தம் பேச வந்தவர்கள் மாதிரி.

முதலாவது வெள்ளை. முக்கால் டன் என்று பெயர்.
பெயரை விட்டுக் கதவைத் திறந்தேன்.
கதவு நிலையில் ஒட்டிய சின்னச் சீட்டுதான்
வண்டி வாய்தவறிச் சொல்லிவிட்ட உண்மை:
முதுகு தாங்குவது ஆயிரத்துச் சொச்சம் கிலோ.
விளம்பரத்தில் மலையையே கட்டி இழுத்தது
இதே வண்டிதான்.
இழுப்பது வேறு, சுமப்பது வேறு.
தேன் ஏற்றிய என் ட்ரெய்லரின் கழுத்து மட்டும்
ஆயிரத்து எழுநூறு அழுத்தும்.
போதாததற்கு டீசல் எஞ்சின் இரும்புக் கனம்;
பலத்தின் எடையே
பாரத்தில் ஒரு பங்கைத் தின்றுவிடுகிறது.

பாகம் பிரித்தபோது
பழைய ட்ரக் என் தம்பி ரேயாலுக்கு,
எண்ணூறு தேன்கூடுகள் எனக்கு.
இழுக்க ஒன்றுமில்லாத வண்டி அவனிடம்.
மற்றதெல்லாம் என்னிடம்.

இரண்டாவது கறுப்பு. ரோமனின் செல்லம்.
டார்க் எண்ணைச் சொல்லும்போது
அவன் குரல் கொஞ்சம் தாழ்ந்தது, கோயிலில் பேசுவதுபோல.
குளிரூட்டிய தோல் இருக்கை.
எனக்கு இங்கே வருடத்தில் ஆறு மாதம்
குளிரூட்டுவதற்கு ஆளே தேவையில்லை.

மூன்றாவது பழுப்பு. இரண்டு லட்சம் கிலோமீட்டர் ஓடியது.
பின்னால் இந்தப்பக்கம் இரண்டு, அந்தப்பக்கம் இரண்டு சக்கரம்.
கிரில்லில் நாக்குப்போலத் தொங்கும் பிளக் வயர்:
மைனஸ் நாற்பதில்
எஞ்சினுக்கும் இரவெல்லாம் கணப்பு வேண்டும்.
பின்கதவில் யாரோ எதையோ இடித்த குழி.
அதைப் பற்றி ரோமன் பேசவில்லை.

பக்கத்துப் பண்ணை ஆப்ராம் டைக்
என் ட்ரெய்லரைக் கொண்டுவந்து விட்டிருந்தார்.
இருபது பேரல். விலை விழுந்து விற்காமல் போன
போன வருஷத்துத் தேன்.
மேட்டில் ஏற்றிக் காட்டட்டுமா, என்றான்.
வேண்டாம், இறக்கு.
ஏற்றத்தைத்தான் எல்லோரும் விற்கிறார்கள்.

டன்வேகன் இறக்கம். கீழே பீஸ் ஆறு,
பாலத்தின் கம்பிகள் தீக்குச்சி உயரத்தில்.
கறுப்பில் முதலில் இறங்கினோம்.
பக்கவாட்டுக் காற்றில் ஒருமுறை இடுப்பை ஆட்டியது,
ட்ரெய்லர் வழி சொல்ல, வண்டி கேட்டது.
அடிவாரத்தில் இறங்கிச் சக்கரத்தருகே உள்ளங்கை வைத்தேன்.
வைக்க முடியவில்லை.
கருகிய வாசனையை ரோமனும் முகர்ந்தான்,
தேன் என்று சொல்லிப் பார்த்தான்.

பிறகு பழுப்பு.
உச்சியிலேயே காலை எடுத்துவிட்டேன்.
எக்ஸாஸ்ட் பிரேக் தொண்டையைச் செருமியது,
எட்டரை டன்னும் தயங்கித் தயங்கி
என் பின்னால் வந்தன.
பயணி இருக்கையில் ரோமனின் வலது கால்
அங்கே இல்லாத பெடலை
அடிவாரம் வரை மிதித்துக்கொண்டிருந்தது.

கண்ணாடியின் உட்புறத்தில் ஒரு தேனீ.
பேரல் மூடியில் ஒட்டி வந்திருக்கும்.
தன் எடையில் பாதியைச் சுமந்து பறக்கும் ஜாதி,
எந்தக் கதவிலும் சீட்டு ஒட்டாமல்.
ரோமன் உறைந்து உட்கார்ந்தான்.
ஒவ்வாது, என்றான், கடித்தால் ஆஸ்பத்திரிதான்.
தேன் ஊரில் பிறந்துவிட்டு!
ஜன்னலை இறக்கி அதை வெளியே விட்டேன்.
அதன்பிறகு அவன் விலையைப் பற்றி
அவ்வளவாக வாதாடவில்லை.

சக்கரம் வெதுவெதுப்பு. ரொட்டி மாதிரி.

இரவு ரேயால் கூப்பிட்டான், நான்கு மாதத்துக்குப் பிறகு.
ஓடெட், கடைசியில் எதை எடுத்தாய்?
நிற்பதை, என்றேன்.
கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.
மைலேஜ் என்ன கொடுக்கும், என்று கேட்டான்.